சின்னச் செம்போரை

என் போன் காலையில் ஆடுகளோடு கிளம்பிப் போகும். சாயங்காலம் ஆடுகளோடு திரும்பி வரும்.

அதை எடுத்துப் போகிறவள் சீனித்தாய் மதினி, என் அண்ணன் மனைவி. சேலைக்கு மேல் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மேய்க்கப் போவாள். சட்டைப் பைக்குள் போனை வைத்து, பையின் வாயை ஊக்கு குத்தி மூடிக்கொள்வாள். அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். எங்களுக்கு அறுபது ஆடுகள். புதூருக்கு மேற்கே அறுவடை முடிந்த கரிசல் காடுகளில் மதினி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் நடக்கிறாள். அவள் எத்தனை அடி வைத்தாள் என்பதுவரை போன் சொல்லிவிடும்.

நான் ஆடும் விளையாட்டுக்கு நடை வேண்டும். அதன் பெயர் பீஸ்ட்வாக். நடந்தால் முட்டை பொரியும், முட்டையிலிருந்து ஒரு பிராணி வரும். நடக்க நடக்க டஸ்ட் என்று ஒன்று சேரும். அதைச் செலவழித்துப் பிராணியின் பவரை ஏற்றலாம். பிறகு மூன்று பிராணிகளைக் கூட்டிக்கொண்டு இன்னொருவரோடு சண்டை போட வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் ஊரில் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் காரணமில்லாமல் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எங்கே போறே என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். அதனால் மதினி நடந்தாள், நான் சண்டை போட்டேன்.

முதலில் போனைச் சும்மா சுமந்து போனவள், இரண்டே வாரத்தில் தானே திறந்து முட்டை பொரிவதைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பிராணிகளுக்கு விளையாட்டுக்காரர்கள் வைத்த பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆடுகளில் வெள்ளையில் கறுப்புத் தெளித்தது கரும்போரை, சிவப்புத் தெளித்தது செம்போரை. அதே பெயர்களைப் போனுக்குள்ளும் வைத்தாள். கோராக் என்ற பிராணிக்கு எறும்புத்தின்னி போலச் செதிளும் ஒற்றைக் கொம்பும் உண்டு. வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டுகள். அது செம்போரை ஆயிற்று.

மாசி மாதம் கோவில்பட்டிக் குழுவில் அறிவிப்பு வந்தது. வாட்ஸப்பில் இருபத்துமூன்று பேர் இருக்கும் குழு. நான் அதில் கட்டைவிரலைத் தவிர எதுவும் போட்டதில்லை. ஆன்லைன் தரவரிசையில் முதல் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஆட வேண்டும். ஆளுக்கு மூன்று ஆட்டம். குறைந்தது இரண்டில் ஜெயிக்கும் நால்வர் மதுரைப் போட்டிக்கு அணியாகப் போவார்கள். எட்டில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது.

அந்த நால்வரில் ஒருத்தியாக வேண்டும் என்று விரும்பினேன். கல்லூரியில் மூன்று வருடம், விடை தெரிந்த கேள்விக்கும் கை தூக்கியதில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டில் எழுதிக் காட்டுவேன், அவள் எழுந்து சொல்வாள். இந்த ஒன்றிலாவது நான் சொன்ன விடை என் பெயரில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. எந்தப் பிராணியின் பவரும் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது. பவர் என்பது மூன்று எண்கள் சேர்ந்தது: அட்டாக், டிஃபென்ஸ், உயிர். இதில் அட்டாக்தான் பவரை வேகமாக ஏற்றிவிடும். அட்டாக் அதிகமுள்ள பிராணி சீக்கிரமே வரம்பைத் தொட்டு நின்றுவிடும். அட்டாக் குறைந்ததை இன்னும் பல படிகள் ஏற்றலாம். அது பலமாக அடிக்காது, ஆனால் நெடுநேரம் விழாமல் நிற்கும். பெரும்பாலும் நிற்பதுதான் ஜெயிக்கும்.

என்னிடம் இரண்டு கோராக் இருந்தன. ஒன்று பெரியது, பவர் ஆயிரத்து நூற்றுச் சொச்சம், பிறவியிலேயே அட்டாக் பதினைந்துக்குப் பதினைந்து. இன்னொன்று நானூற்றுப் பன்னிரண்டில் கிடந்தது. அட்டாக் பூஜ்யம், மற்ற இரண்டும் ஏறக்குறைய முழுசு. இப்படி ஒன்று பல நூறு முட்டைக்கு ஒரு முறை வரும். அணிக்கு வேண்டிய மூன்றில் இரண்டை ஏற்கெனவே வளர்த்துவிட்டேன். எட்டு மாதத்தில் சேர்ந்த டஸ்டில் மிச்சமிருந்தது இன்னும் ஒரே ஒரு பிராணியை வரம்புவரை வளர்க்கத்தான் போதும். எதை வளர்ப்பது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. ஆனாலும் நான் எட்டு நாள் நோட்டுப் போட்டுக் கணக்கிட்டேன். முப்பது பிராணிகளை எதிரே நிறுத்தி இரண்டையும் தனித்தனியாக மோதவிட்டுப் பார்த்தேன். சின்னது இருபத்தொன்றில் ஜெயித்தது, பெரியது பதினான்கில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்ததும் சின்னதை வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கோடைக்கு முன்னால் தேறாத ஆடுகளைக் கழிப்பது எங்கள் வீட்டு வழக்கம். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தை. அதற்காக வெள்ளிக்கிழமை விடியலிலேயே அப்பாவும் மதினியும் பட்டிக்குள் நின்று மூன்றைக் கழித்து வேலியோரம் கட்டியிருந்தார்கள். அதன் பிறகுதான் மதினி போனோடு காட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் தொட்டியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“ஏட்டி இந்து, இன்னைக்கு முட்ட பொரிய மாட்டேன்னு ஒரே அடம். இடமில்லையாம்.”

“இடமில்லையா?”

“பட்டி நிறைஞ்சு போச்சு போல. செவப்புல காட்டிக்கிட்டே இருந்துச்சு. நீதான சொல்லிருக்க, ஒரே இனத்துல ரெண்டு கெடந்தா நோஞ்சானைக் கழிச்சிருங்கன்னு. ஏழெட்டக் கழிச்சேன். பெறகுதான் பொரிஞ்சுச்சு.”

“எதெல்லாம் மதினி?”

“ரெண்டு நத்தை, ஒரு பல்லி, அந்தச் சின்னச் செம்போரை. நானூறுலயே நின்னுக்கிட்டு இருந்துச்சுல்லா? முட்டுக்கு சீரோன்னு வேற போட்டிருக்கு. முட்டத் தெரியாத கெடாவ வச்சி என்ன செய்ய?” சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள். “ஏன், வேணுமா அது?”

“இல்ல மதினி. பரவாயில்ல.”

போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பட்டியலை மேலிருந்து கீழே வரை இரண்டு தடவை பார்த்தேன். கழித்தது திரும்ப வராது. பிராணியின் பக்கத்தில் ஒரு பூட்டுக்குறி இருக்கிறது. அதைத் தொட்டிருந்தால் யாராலும் கழிக்க முடியாது. நான் தொடவில்லை. அதைவிட, முதல் நாளே வளர்த்திருந்தால் ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் நின்றிருக்கும், மதினி கை வைத்திருக்க மாட்டாள். எட்டு நாள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். நோஞ்சானைக் கழியுங்கள் என்று இரண்டு மாதம் முன்னால் சொல்லிக் கொடுத்ததும் நான்.

இரவு பாதிச் சோற்றைத் தட்டிலேயே மிச்சம் வைத்தேன். மதினி என் தட்டைப் பார்த்தாள்.

கொண்டுவரும் மூன்று பிராணிகளின் பெயரையும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் குழுவில் பதிய வேண்டும். கையில் இரண்டு முட்டைகள் இருந்தன. ஒன்று பொரிய மூன்று கிலோமீட்டர், இன்னொன்றுக்கு ஒன்பது. பொரியும்போது உடனே பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதால், காலையில் நானும் மதினியோடு கிளம்பினேன்.

“என்ன, இன்னைக்கு மகராணி காட்டுக்கு வாரா?”

“சும்மாதான் மதினி.”

“சும்மா வாரவ கொடையும் எடுத்துட்டு வாராளா? மடக்கு. ஆடு மெரண்டு ஆத்தூருக்கு ஓடிரும்.”

குடையை மடக்கினேன். அப்பா மூன்று ஆடுகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எதிர்த் திசையில் போனார். நாங்கள் மக்காச்சோளத் தட்டைக்குள் இறங்கினோம். கரிசல் கைவிரல் அகலத்துக்கு வெடித்துக் கிடந்தது. ஆடுகள் வெடிப்பைத் தாண்டித் தாண்டிப் போயின. மதினி கீழே பார்க்காமலே நடந்தாள். நான் பார்த்து நடந்தும் இரண்டு தடவை கால் பிசகியது.

மூன்றாவது கிலோமீட்டரில் முதல் முட்டை பொரிந்தது. நத்தை.

“ஐய, இதவா காலங்காத்தால நடந்து வாங்குனோம்?” என்றாள் மதினி.

மத்தியானம் வேலிக்கருவை நிழலில் ஆடுகள் உதிர்ந்து கிடந்த காய்ந்த நெத்துகளைப் பொறுக்கித் தின்றன. கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் பட்டியலைத் திரும்பத் திரும்பத் தள்ளினேன். பறக்கும் பிராணி ஒன்று இருந்தது. யாரோடும் பாதி தடவை ஜெயிக்கும், பாதி தடவை தோற்கும். சின்னக் கோராக் இல்லாத நிலையில் அதுதான் பாதுகாப்பு. பாதுகாப்பானதைக் கொண்டுபோனால் எட்டில் ஐந்தாவதாக வருவேன் என்று எனக்குத் தெரியும். ஐந்தாமவர் மதுரைக்குப் போவதில்லை.

மதினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“நாளைக்கு உன்கூடச் சண்டைக்கு வாரவியெல்லாம் என்னத்தக் கொண்டாருவாவ?”

“முக்காவாசிப் பேரு செம்போரைதான் மதினி.”

“அது என்ன, சொல்லி வச்ச மாதிரி?”

“எல்லாரும் ஒரே கணக்கத்தான பாக்காங்க. முட்டத் தெரியாத சின்னதுதான் நெட்டுல முதல் இடத்துல இருக்கு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மதினி அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் யோசனை வேறு பக்கம் போயிருந்தது.

“அப்போ ரெண்டு செம்போரையும் ஒண்ணுபோல நிக்கும். ஒண்ணுபோல முட்டும். அது ஒரு சண்டையா? யாரு மொதல்ல விழுவா?”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பெரிய அடியை அமுக்குனா…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன்.

அதற்கு ஒரு விதி இருந்தது. விதிகளின் கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி. சின்ன அடிகள் சேர்ந்து நிறைந்ததும் பெரிய அடியை அமுக்கலாம்; இருவரும் அதை ஒரே கணத்தில் அமுக்கினால் அட்டாக் அதிகமுள்ளதன் அடி முதலில் விழும். நான் முப்பது வகைப் பிராணிகளை எதிரே நிறுத்தினேன். முப்பதையும் சமமாக ஒவ்வொரு தடவை நிறுத்தினேன். கோராக்குக்கு எதிராகக் கோராக்கை ஒரே ஒரு தடவைதான் மோதவிட்டேன். ஆனால் நாளை வரப்போவது முப்பது வகை இல்லை. எட்டுப் பேர், அதில் முக்கால்வாசி ஒரே பிராணி.

போனிலேயே கணக்குப் போட்டேன். பெரிய கோராக் பறப்பவற்றிடம் சீக்கிரம் விழும். நீரில் வாழ்பவற்றிடமும் விழும். ஆனால் சின்னக் கோராக்கை எதிரே நிறுத்தினால், இரண்டும் சாகும் நிலைக்கு வரும்போது பெரியதுதான் முதலில் அடிக்கும். இரண்டாவது அடி வரவே வராது. மூன்று ஆட்டத்தில் இரண்டு பேர் கோராக்கோடு வந்தால் போதும். வராவிட்டால் கடைசி இடம்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் அடுத்த முட்டை பொரிந்தது. ஏற்கெனவே ஐந்து இருக்கும் ஒரு குருவி. இனிக் காத்திருக்க எதுவுமில்லை.

கண்மாய்க் கரையில் ஏறினால்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஐந்தரை மணிக்கு அங்கே உட்கார்ந்து பெரிய கோராக்கைத் திறந்தேன். இந்தத் தடவை நோட்டு எடுக்கவில்லை. பவர் ஏற்றும் பொத்தானை அமுக்க அமுக்க எண் கூடியது. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து முந்நூறு.

“ஏ, வளருது! வளருது!” என்றாள் மதினி. அவள் வளர்ப்பதை அதுவரை பார்த்ததில்லை.

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழில் நிறுத்தினேன். மிச்ச டஸ்ட் இன்னொன்றை வளர்க்கப் போதாது. மூன்று பெயர்களையும் குழுவில் பதிந்தேன். பெயரைத்தான் பதிய வேண்டும், எண்களைச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணபிரான் என்பவர் எழுதினார். அவர்தான் குழுவை நடத்துகிறவர். ‘எட்டுப் பேரில் ஆறு கோராக். கோவில்பட்டியா, கோராக்பட்டியா?’ கீழே பத்துச் சிரிப்புகள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிக் கோவில்பட்டியில் இறங்கியபோது மணி பத்து. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடையின் மாடி. படியில் பாதி ஏறி நின்றுவிட்டேன். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. பின்னால் ஏறி வந்த ஒரு பெண், “நீங்களும் ஆட்டத்துக்கா? வாங்க, இங்கன நின்னா ஜூஸ்காரர் ஆர்டர் கேட்பாரு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் பெயர் யோகலட்சுமி. வங்கியில் வேலை, கைக்குழந்தை இருக்கிறது, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மேலே போவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டாள்.

எனக்கு முதல் ஆட்டம் அவளோடுதான். கோராக் இல்லாத இருவரில் அவள் ஒருத்தி. அவளுடைய பறக்கும் பிராணி என் கோராக்கை ஒரு நிமிடத்தில் வீழ்த்தியது. ஆட்டமும் போயிற்று.

“என்னங்க, உங்க கோராக் இப்படி டக்குன்னு விழுது?” என்று ஆச்சரியப்பட்டாள். நான் சிரித்துவைத்தேன்.

இரண்டாவது ஆட்டத்தில் எதிரே வந்தது ஒரு கோராக். அதை ஆடியவர் யாரிடமும் அதிகம் பேசாத ஒரு ஆசிரியர். இரண்டு கோராக்குகளும் சாகும் நிலைக்கு வந்தன. இருவரும் அமுக்கினோம். என்னுடையது அடித்தது, அவருடையது விழுந்தது. அவர் நெட் சரியில்லை என்று நினைத்துப் போனைத் தட்டிப் பார்த்தார்.

மூன்றாவது கண்ணபிரானோடு. அவருக்கு முப்பது வயதிருக்கும், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் இடத்தில் வேலை. இருவருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ஜெயிப்பவர் நால்வரில் ஒருவர், தோற்பவர் வீட்டுக்கு. எல்லோரும் எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

என் இரண்டு பிராணிகள் விழுந்தன. அவருடையதும் இரண்டு. மிச்சம் கோராக்கும் கோராக்கும். அவர் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவருடையதன் உயிர் என்னுடையதைவிட மெதுவாகத்தான் குறைந்தது. ஒரு கட்டத்தில் எனக்கு விரல்நுனி அளவு சிவப்புக் கோடு, அவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. அவருக்குப் பெரிய அடி நிறைந்துவிட்டது. எனக்கும் நிறைந்துவிட்டது. அவர் விரல் கீழே இறங்குவதைப் பார்த்து நானும் இறக்கினேன்.

என் கோராக் கொம்பைத் தூக்கியது.

“ஏலே!” என்றார் கண்ணபிரான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். “அட்டாக் எவ்ளோ வச்சிருக்கீங்க?”

“பதினஞ்சு.”

“பதினஞ்சா? அதை யாரும் வளப்பாங்களா? ஆறு பேரு கோராக் கொண்டுவருவாங்கன்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுட்டீங்க. சும்மா சொல்லக் கூடாது. எங்க எல்லாரையும் சுத்தல்ல விட்டுட்டீங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். அது பாதி உண்மையும்கூட. ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குச் சரியான விடை தெரியும்.

“கணக்குச் சின்னதுக்குத்தான் போட்டேன்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “அதத்தான் கொண்டுவர இருந்தேன். எங்க மதினி அதக் கழிச்சிட்டாங்க. தேறாத குட்டின்னு நெனச்சு.”

யோகலட்சுமி மேசையில் தட்டிச் சிரித்தாள். “உங்க மதினி கையில எப்படிப் போச்சு?”

“அவங்கதான் எடுத்துட்டுப் போறாங்க. ஆடு மேய்க்கப் போகும்போது. நடக்கிறது அவங்கதான்.”

சொன்ன பிறகு ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். “ஒருத்தர் அக்கவுண்ட்ட இன்னொருத்தர் ஆடக் கூடாதுன்னு நம்ம விதியில இருக்கு, கண்ணபிரான்.”

நான் எழுந்து நின்றேன். போக வேண்டியிருந்தால் போய்விடலாம் என்றிருந்தது. பொய் சொல்லிவிட்டு மதுரைக்குப் போவதைவிட அது சுலபம்.

“சண்டைய யாரு ஆடுனது? இவங்கதான?” என்றாள் யோகலட்சுமி. “நடக்கிறதப் பத்திப் பேசணும்னா எல்லாரும் பேசுவோம். நான் பிள்ள தொட்டில்ல போனக் கட்டித் தொங்கவிடுதேன். ஆட்ட ஆட்ட அஞ்சு கிலோமீட்டர் ஆயிரும். அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. உங்க போன் எங்கன இருக்கும்?”

கண்ணபிரான் காதைச் சொறிந்தார்.

“லேபிள் மிஷின்ல. போயிட்டுப் போயிட்டு வருமே, அந்தக் கையில.”

“கேட்டீங்களா? இதுலயாவது ஒரு மனுசி வெயில்ல நெசமா நடந்திருக்காங்க. இந்த எட்டுப் பேருல ஒழுங்கா நடந்த போன் இது ஒண்ணுதான்.”

ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவர் போன் எங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதற்குள், “சரி, எழுதுங்க,” என்றார். கண்ணபிரான் மதுரைத் தாளில் நான்காவது வரியில் என் பெயரை எழுதினார். எழுத்துச் சரியா என்று என்னிடம் திருப்பிக் காட்டினார். சரியாக இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது மதினி பட்டிப் படலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“செயிச்சியா?”

“ரெண்டு. மதுரைக்குப் போறேன்.”

“அப்படிப் போடு!” படலை விட்டுவிட்டு வந்தாள். பாதியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். “பெறகென்ன? ரெண்டு நாளா நீ சரியில்ல. உங்க அண்ணன் போன்ல ஏதும் சொல்லிட்டாவளோன்னு நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்.”

“வெள்ளிக்கெழம நீங்க கழிச்சீங்கல்ல, சின்னச் செம்போரை. அதத்தான் கொண்டுபோக இருந்தேன். எட்டு நாளா பாத்து வச்சிருந்தது.”

மதினி வாயில் கை வைத்தாள். “அந்த நோஞ்சானையா?”

“அது நோஞ்சான் இல்ல மதினி. இந்தச் சண்டைக்கு அதுதான் நல்லது.”

“நேத்து பூரா கூடவே நடந்தியே, ஒரு வார்த்த சொன்னியா?”

ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு படுக்க இடம் தேடின.

“அப்போ என் மேல தப்புத்தான்?” என்றாள்.

இல்லை மதினி, பரவாயில்லை என்று வாய்வரை வந்தது.

“தப்புத்தான்,” என்றேன். “எனக்கும் பாதி இருக்கு.”

அவள் போன் இருந்த என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

“சரி, காட்டு. மதுரைக்கு எதக் கொண்டுபோற? இந்தத் தடவ ரெண்டு பேரும் பாத்து முடிவு பண்ணுவோம்.”

பட்டியலைத் திறந்தேன். முதலில் இருந்ததைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள்.

“இது வேண்டாம். கண்ணே சரியில்ல.”

“மதினி, அது படம்.”

“படமா இருந்தா என்ன? அடுத்ததத் தள்ளு.”